சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு ரப்பர் பேண்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் ஸ்டூல்தான். வாலு அதில் ஏறி ஜன்னல் வழியாக யாரையோ கூப்பிட்டுவிட்டு, அப்படியே நடுவீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். குளித்துவிட்டு வந்த அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே நல்ல அடி. "ஒண்ணுமில்ல பாப்பா, ஸ்டூலுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்றார், காலைத் தேய்த்துக்கொண்டே.

சாயங்காலம் தங்கையைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நாற்காலி மேஜைக்கு அடியில். வாளி குழாய்க்கு இடப்பக்கம். செருப்பு சுவரோரம். கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவை மட்டும் மன்னிக்கவே முடியாது. அப்பாவின் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

"இது வீடா மியூசியமா?" என்றாள் வாலு. அப்புறம் உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அம்மா, ஓடி வா! ஊமைக்கோட்டான் இன்னிக்கு முழுசா அஞ்சு வாக்கியம் பேசிடுச்சு!"

வீட்டுக்குள் எனக்குப் பேச்சு வரும். வாசலைத் தாண்டினால்தான் வராது.

மார்ச் 6, வியாழன்

வாலு தானாகவே பையை அதற்குரிய ஆணியில் மாட்டினாள். நான் முறைக்கக்கூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் திரும்ப மூன்றரை ஆகும். ஞாயிறு மட்டும் லீவு. அதனால் வீட்டில் எது நடப்பதானாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். இன்று நடந்தது.

எதிர்வரிசைத் தையல்கடை அக்காவுக்கு ஆள் வேண்டுமாம். பத்திலிருந்து நாலு வரை. தொழிலும் கற்றுத்தருவாராம். அம்மா கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டே வந்துவிட்டாள்.

"அப்பாவை யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன அடுப்புல வச்ச பாலா, பக்கத்துலயே நின்னு பாத்துக்க?" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "நடமாட்டத்துக்கெல்லாம் பயமில்லைங்க. வீட்ட அவ அப்படி வச்சிருக்கா. அடுப்படிதான் யோசனையா இருக்கு."

"ரெண்டு வாரம் டைம் குடு. அந்த ஞாயித்துக்கிழமை தையல்கடைக்காரம்மாவ வரச்சொல்லு. நானே டீ போட்டுத் தர்றேன். குடிச்சுட்டுச் சொல்லட்டும், இவளை அனுப்பலாமா வேணாமான்னு" என்றார் அப்பா.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 10, திங்கள்

இதை எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையலாம்.

அப்பாவின் கண் அழுத்தம் முற்றி, பார்வை அடியோடு போன மாதம்தான் நான் பத்தாம் வகுப்பை விட்டேன். அப்பாவுக்காகப் படிப்பை விட்ட பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவும்தான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாய் திறக்கும், குரல் வராது. வெறும் காற்று. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பார் டீச்சர். நாற்பது பேர் சிரிப்பார்கள். இனி வரவேண்டாம் என்று ஆனபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அப்பாவுக்குக் கண் போன அதே மாதத்தில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த வீட்டை இப்படி ஒழுங்காக வைத்திருப்பது யாருக்காக? அப்பாவுக்காகத்தான். சத்தியமாக. ஆனால் இது ஒழுங்காக ஆக ஆக நான் தேவைப்பட மாட்டேன் என்று முன்பே ஏன் தோன்றவில்லை?

மார்ச் 13, வியாழன்

அப்பா இருபது வருடம் லிஃப்ட் மெக்கானிக். இப்போது அடுப்படியை லிஃப்ட் அறை மாதிரி நினைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். முதலில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். லைட்டர் வலப்பக்கக் கொக்கியில். டீ பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் சுவரைப் பார்த்து. தண்ணீர் அளவு ஆள்காட்டி விரலில் இரண்டாவது கணு வரை.

டப்பாக்களில்தான் மாட்டிக்கொண்டார். எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர். காலை அவசரத்தில் அம்மா எதை எங்கே வைப்பாள் என்று அவளுக்கே தெரியாது. என் சட்டம் செல்லாத ஒரே அலமாரி அதுதான். அதனால் அப்பா ரப்பர் பேண்டு மாட்டினார். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று.

"கிரவுண்டு ஃப்ளோர், முதல் மாடி, ரெண்டாம் மாடி" என்று தடவித் தடவிச் சொன்னார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிறது.

மார்ச் 18, செவ்வாய்

டீ போட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன், ஆனால் கை வைக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. "தெருவுல இருக்கற எறும்பெல்லாம் வரிசை கட்டி வருது அப்பா" என்றாள் வாலு. அம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். நான் தம்ளர்களைக் கழுவினேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் டப்பாக்களைத் துடைக்கும்போது ரப்பர் பேண்டு இடம் மாறிவிட்டது.

இல்லை. இது என் நோட்டு, இதிலும் எதற்குப் பொய்? தானாக மாறவில்லை. சர்க்கரை டப்பாவிலிருந்து ஒன்றைக் கழற்றி உப்பு டப்பாவில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தையல்கடை அக்கா வந்தார். அப்பா டீ போட்டார். முன்னறையில் எல்லோரும் காத்திருந்தோம். தட்டைச் சுவரோரமாகவே பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒரு வாய் குடித்தார். முகம் மாறாமல் விழுங்கினார், நல்ல மனுஷி. வாலுதான் துப்பிவிட்டாள். "அய்யே! உப்பு!"

அப்பா சிரித்தார். "கடல் தண்ணி வந்துடுச்சு போல குழாய்ல." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் ரப்பர் பேண்டைப் பழையபடி மாற்றிவிட்டேன். அதுதான் பெரிய தப்பு. ஏனென்றால் அக்கா போனதும் அப்பா தானே எழுந்து அலமாரிக்கு வந்தார். உப்பைத் தடவினார், ஒன்று. சர்க்கரையைத் தடவினார், இரண்டு. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி தடவினார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா வீட்லயே இருக்கட்டும்" என்றார் அம்மாவிடம்.

மார்ச் 24, திங்கள்

நினைத்தது நடந்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

அப்பா அடுப்படிக்கு வருவதில்லை. நாற்காலியிலேயே இருக்கிறார். குளியலறைக்குப் போகக்கூட "பாப்பா" என்று கூப்பிடுகிறார். அந்த ஒன்பது அடியை அவர் ஆறு மாதமாகத் தனியாக நடந்தவர். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, சரியான ஓட்டையா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறார்.

வீடு முழுக்க எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. வாலுகூடத் திட்டு வாங்கவில்லை. இவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததே இல்லை. இந்த அமைதியா நான் கேட்டது?

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள், வாலு விளையாடப் போயிருந்தாள். "அன்னிக்கு நீங்க தப்பா எண்ணலப்பா" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்தது.

"நான்தான் ரப்பர் பேண்டை மாத்தினேன். அப்புறம் திரும்பவும் மாத்தி வச்சிட்டேன்."

"ஏன்?"

வாய் திறந்தேன். வகுப்பில் வந்த அதே காற்றுதான் வந்தது. மற்றவர்களிடம் தலையாட்டியோ கண்ணைத் தாழ்த்தியோ தப்பித்துவிடலாம். அப்பாவிடம் அது நடக்காது. குரல் வந்தே ஆகவேண்டும். அவர் காத்திருந்தார்.

"பயமா இருக்குப்பா. கடைக்கு ஆளுங்க வருவாங்க. பேசணும். எனக்கு வராது. பள்ளிக்கூடமும் அதனாலதான்... உங்களுக்காக மட்டும் நிக்கலப்பா."

அப்பா விரல்களை விரித்து நீட்டினார். "கண்ணு கொஞ்சங்கொஞ்சமா, சொல்லிட்டுத்தான்டி போச்சு. இப்ப விரலும் மரத்துப் போச்சோன்னு ஆறு நாளா செத்துச் செத்துப் பொழைக்கிறேன். இந்த வீட்ல எதையும் நகத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருடி?"

என்னை அவர் 'டி' போட்டதே இல்லை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து, "அம்மாகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். எழுந்தார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். என்னைக் கூப்பிடாமல் குளியலறைக்கு நடந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். ஈரத் துணியைப் பிழிந்தபடியே கேட்டாள். பிழிந்து முடித்த துணியை மறுபடியும் பிழிந்தாள்.

"அவரு முகத்த இந்த ஒரு வாரமா பாத்தல்ல?" அவ்வளவுதான் கேட்டாள். துணிகளைக் கொடியில் போட்டு முடித்தபிறகு, "அந்தக் கடை எங்கயும் ஓடிடல. எதுத்தாப்புலதான் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அப்பா டீ போட்டார். ரப்பர் பேண்டை எண்ணினார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். முன்பெல்லாம் நாக்கில் வைக்க மாட்டார். அந்தப் பழக்கம் என்னால் வந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

கடைக்குப் போனேன். கொக்கி தைத்தேன், பொத்தான் தைத்தேன், குனிந்த தலை நிமிரவில்லை. மூன்று மணிக்கு அக்கா உள்ளே போயிருந்தபோது ஒரு அம்மா வந்து, "துணி எப்ப கிடைக்கும்மா?" என்றார்.

"வியாழக்கிழமை."

ஒரே ஒரு வார்த்தை. அவர் காதில் விழுந்துவிட்டது. சரி என்று போய்விட்டார்.

ஏப்ரல் 16, புதன்

இன்று கடையில் ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு அளவெடுத்த சட்டையை அக்கா தவறுதலாக அவன் மாமனாரிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் போட்டுக்கொண்டு கழற்ற முடியாமல், கையைத் தூக்கியபடியே தெருவைக் கடந்து வந்து நின்றார். நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பு. செருப்பைச் சுவரோரம் விடும்போதே அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மேஜைமேல் எனக்கு ஒரு தம்ளர் டீ மூடிவைத்திருந்தார். சூடு ஆறவில்லை. குடித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன்.

"பாப்பா" என்றார் அப்பா.

"ம்?"

"கதவு."

திரும்பிப் பார்த்தேன். தெருச்சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

போய்ச் சாத்திவிட்டு வந்தேன். "சொல்லு" என்றார். விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.