தாடிக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பாப்பா தள்ளிவிட்டாள். முத்தம் கொடுக்கப் போனால் இரண்டு கையாலும் என் வாயைத் தடுத்து, "குத்துதுப்பா" என்கிறாள். நாளெல்லாம் ஊரார் கன்னத்தை மழமழவென்று ஆக்கி அனுப்புகிறவன் நான். என் கன்னத்தில் மட்டும் கத்தி பட்டதில்லை. வயசுப் பருக்கள் விட்டுப்போன குழிகளை மூடத்தான் இந்தத் தாடி. மனைவிகூட அடியில் இருப்பதைப் பார்த்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

தோல் டாக்டரிடம் போனேன். பேனா மாதிரி ஒரு கருவி. நுனியில் மெல்லிய ஊசிகள். அந்த ஊசிகளால் குத்தி, காயம் ஆறும்போது புதுத் தோல் வளர்ந்து குழி கொஞ்சம் மேடேறுமாம். "முழுசா போயிடும்னு நினைக்காதீங்க. மாசம் ஒரு தடவை, நாலு தடவை வரணும். ரெண்டு மூணு நாள் சிவந்திருக்கும். நான் குடுக்குற களிம்பைத் தவிர முகத்துல எதுவும் படக்கூடாது. வெயிலும்தான்" என்றார் டாக்டரம்மா. பூம்பூம் மாடு போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

நாளைக்கு ஊசி. தாடியை நானே எடுத்தேன். மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ நாள் மறைச்சீங்க?" என்றாள். பாப்பாதான் — வீறிட்டு, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பா எங்கே?" என்று கேட்டுக் கேட்டு அழுகை.

நான்தான்டா கண்ணு. நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மரத்துப்போகும் களிம்பு பூசி உட்கார வைத்தார்கள். பிறகு ஊசி. கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது போலத்தான். தாடை எலும்பின் மேல் வந்தபோது பல்லைக் கடித்தேன். கண்ணாடியில் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. பாப்பா பார்த்துவிடக் கூடாதே என்று துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

மார்ச் 12, புதன்

கடைக்குப் போயிருக்கவே கூடாது. ஒருவருக்குச் சவரம் முடித்து, படிகாரக் கல்லை நனைத்து அவர் கன்னத்தில் தேய்த்தேன். நிமிர்ந்தால் கண்ணாடியில் இன்னொரு சிவந்த முகம். சிவப்பைக் கண்டால் படிகாரம் — கைப்பழக்கம். அது யார் முகம் என்று கை யோசிக்கவில்லை. இழுத்துவிட்டேன், இரண்டு கன்னத்திலும்.

ஐயோ, என்ன எரிச்சல்! பக்கத்து நாற்காலியில் சவரம் செய்கிற பையன், "அண்ணே, தொழில் பக்தி முத்திப் போச்சு" என்று சிரித்தான். அறையலாம் போல இருந்தது.

மார்ச் 13, வியாழன்

வீங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். "படிகாரமா? யாருங்க போடச் சொன்னது?" என்று திட்டிவிட்டுச் சொன்னார்: குளிர்ந்த ஈரத்துணி, அவர் தந்த களிம்பு, வெளியே போகக் கூடாது. கறுப்புத் தழும்பு விழுமா என்று கேட்டேன். இரண்டு வாரம் போனால்தான் தெரியுமாம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதா?

மார்ச் 14

பாப்பா வீடெல்லாம் அப்பாவைத் தேடுகிறாள். நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

தோல் உரிகிறது. கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் "அப்பா!" என்று ஓடி வருகிறாள். முகத்தைக் கண்டதும் அலறல். "பேசாம தாடியையே வளத்துடுங்க" என்றாள் மனைவி. கத்திவிட்டேன். எதுக்கு இவ மேல எரிஞ்சு விழறேன்? பயமாயிருக்கு, அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

கறுக்கவில்லை! சவரம் செய்யலாம் என்றும் சொல்லிவிட்டார் டாக்டர். இதற்குள் வளர்ந்த அரைகுறைத் தாடி, முன்னைவிட அதிகமாகக் குத்தும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். தாடி போனதைப் பாப்பா பார்க்கவே இல்லை. திடீரென்று அப்பா போய், எவனோ வந்து நின்றான். அழாமல் என்ன செய்வாள்?

அவளை எதிரே உட்கார வைத்து நுரை பூசினேன். மூக்கிலும் கொஞ்சம். சிரித்தாள். ஒரு இழுப்பு, "அப்பா இருக்கேனா?" "இருக்க." இன்னொரு இழுப்பு, "இருக்கேனா?" "இருக்க." கடைசி வரைக்கும் இருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாவது தடவைக்குப் போனேன். இடது கன்னத்து ஆழமான குழி மட்டும் எத்தனை தடவை குத்தினாலும் முழுதாகப் போகாது என்றார் டாக்டர். பரவாயில்லை என்றேன். பாப்பா தூங்கும்போது விரல் வைத்துக்கொள்வது அதில்தான்.