மாமாவிடம் கேட்ட மடிக்கணினி

15 அக்டோபர், திங்கள்

பொருளியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த நோட்டை வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. மதிப்பெண் சரியாக வந்தால் பிப்ரவரியில் தலைநகர் சுவாவில் சேரலாம். புவியியல் ஆசிரியர் படிப்பு. அப்பா மீன் தொழிற்சாலையிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல், முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் பக்கத்தை நான் மட்டும் படித்தேன். கணினி வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை, வளாகத்தில் கணினி அறைகள் இருக்கின்றன. வாங்குவதானால் இந்தப் படிப்புக்கு எந்தச் சாதாரண மடிக்கணினியும் போதும். இவ்வளவுதான் அதில் இருந்தது.

17 அக்டோபர், புதன்

வகுப்புத் தோழி அன்ஷிகா தன் புது மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். வெள்ளி நிறம், பரீட்சை அட்டை அளவுக்குத்தான் தடிமன். ஒரு விரலால் திறக்கிறாள்.

“நீ எது வாங்கப் போறே, திதிலியா?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“எதுன்னாலும் வாங்கு, அந்தக் கறுப்புத் தடியன் மட்டும் வேண்டாம்டி. எங்க அண்ணன் ஒண்ணு வெச்சிருந்தான். அது கண்ணு முழிக்கறதுக்குள்ள வாத்தியார் பாடத்த முடிச்சுட்டு வீட்டுக்கே போயிடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். தொழிற்சாலை அலுவலகத்துக் குமாஸ்தா தன் பழைய மடிக்கணினியை விற்கிறார், அதை எனக்காக அப்பா சொல்லி வைத்திருக்கிறார். அது கறுப்பு, தடிமனானதுதான்.

21 அக்டோபர், ஞாயிறு

இன்று நான் செய்ததை எழுதிவிட வேண்டும்.

கோயில் ஆராதனை முடிந்து விலிகேசா மாமா சாப்பிட வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். எப்போதும்போல் தன் படகில் அடுத்த ஊரிலிருந்து வந்தார், எப்போதும்போல் மீனோடு. மீன் தலையை என் தட்டில் வைத்தார். எங்கள் முறையில் நான் அவருக்கு ‘வாசு’, அதாவது அவர் தங்கை பெற்ற பிள்ளை. அவர் வீட்டில் நான் எதைத் தொட்டாலும் அது என்னுடையது. சின்ன வயதில் அவருடைய சேவலையே ‘எனக்கு’ என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் பின்னாலேயே வந்து அதற்குத் தீனியும் கொடுத்துவிட்டுப் போனார். வாசு கேட்டால் மாமன் மறுக்கக் கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது.

அப்பா சொன்னார்: “குமாஸ்தாவோட லேப்டாப் அடுத்த வாரம் வருது. நல்லா ஒழைக்குதாம்.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அது பத்தாதுப்பா. அதுல பாடம் ஓடாது. வெள்ளிக் கலர்ல ஒண்ணு இருக்கு, அந்த வகைதான் வேணும்னு காகிதத்துலயே போட்டிருக்கு” என்றேன்.

“அது என்ன விலை?”

சொன்னேன். அப்பா மரவள்ளிக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டார். அப்போது நான் மாமா பக்கம் திரும்பினேன்.

“மாமா, எனக்கு அது வேணும்.”

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். “கேட்டுட்டா. எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்ப சரி” என்றார். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

வாய் தவறி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். வாய் தவறியா? மாமா எதிரில் இருக்கிறார் என்று தெரியாதா எனக்கு? படகுத் துறையில் அவர் இன்ஜினை அணைத்த சத்தம் கேட்டபோதே நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது எதற்கு?

22 அக்டோபர்

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “உங்க மாமன்கிட்ட நான்கூட அப்படி வாயத் தொறந்து கேட்டதில்ல.”

2 நவம்பர், வெள்ளி

இரண்டாம் பக்கத்தைக் கிழித்து எறியப் போனேன். முடியவில்லை. நான்காக மடித்து இந்த நோட்டின் அட்டைக்குள் செருகியிருக்கிறேன். தங்கை லோசானா பக்கத்தில் படுத்திருக்கிறாள். கொசுவலைக்குள் ஃபோன் வெளிச்சம். அவள் புரண்டாலே எனக்குக் கை நின்றுவிடுகிறது.

10 நவம்பர், சனி

மாமா வந்தார். லாரியில் வந்தார். “படகு கொஞ்சம் ஓய்வெடுக்குது” என்றார். கையில் பெட்டி.

விடியுமுன் பஸ், பிறகு கப்பல், பிறகு மறுபடி பஸ் என்று சுவா போய் வாங்கி வந்திருக்கிறார். பெட்டியின் மேல் துண்டு சுற்றியிருந்தது. அதைக் குழந்தையை இறக்குவது மாதிரி பாயில் இறக்கினார்.

“அந்தக் கடைக்காரப் பையன் இருக்கானே, பெரிய வாயாடி. கறுப்பா ஒண்ணக் காட்டி, ‘இதுல பாதி வெலதான், வாத்தியாருக்குப் படிக்கற புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி’ங்கறான். நான் சொன்னேன், தம்பி, எங்க மருமவ படிச்சவ. காகிதத்துல என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு!”

அப்பா சிரித்தார். லோசானா கைதட்டினாள். மாமா என் முகத்தைப் பார்த்தார்.

“இதே வகைதானே?”

“இதே வகைதான் மாமா.”

“தொறயேன், பாப்போம்.”

“பரீட்சை முடியட்டும் மாமா.”

நல்ல பிள்ளை, பரீட்சையில்தான் கவனம் என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பெட்டியின் ஒட்டுத்தாளை உரிக்க எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

13 நவம்பர், செவ்வாய்

பள்ளி பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மாமா துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போட வேண்டிய படகு அது. ஒற்றை ஆளாக, நின்றபடி, கரையை ஒட்டியே போய்க்கொண்டிருந்தார். பின்பக்கம் இன்ஜின் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஒரு பையன், “பாரு, பவளப்பாறையத் தாண்டறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்” என்றான். நான் தலையைக் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் மாதிரி இருந்தேன். அவர் என் மாமா என்று நான் சொல்லவில்லை.

14 நவம்பர்

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. இன்ஜினை விற்றுத்தான் வாங்கியிருக்கிறார். அம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. “காகிதத்துலயே போட்டிருக்குன்னா என்ன செய்ய முடியும்” என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

19 நவம்பர், திங்கள்

முதல் பரீட்சை. எழுதினேன்.

26 நவம்பர், திங்கள்

பரீட்சை எல்லாம் முடிந்தது. லோசானா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். “இப்பவாவது தொற அக்கா!” மதிப்பெண் வரட்டும் என்றேன். “மார்க்கு வந்தா கல்யாணம் ஆகட்டும்பே” என்கிறாள்.

இப்படியே இருந்துவிட முடியாதா? யாருக்கும் தெரியப் போவதில்லை. மாமா காகிதத்தைக் கேட்கவே மாட்டார், கேட்பது மாமனுக்கு முறை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கேட்கக்கூடிய ஆளிடம் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

1 டிசம்பர், சனி

மெதுவாக எழுதுகிறேன், எல்லாம் எழுத வேண்டும்.

பிழை செய்தவர் யங்கோனா வேரை, பெரியவர்கள் மயக்கத்துக்காகக் கரைத்துக் குடிப்பார்களே அதை, கொண்டுபோய் வைத்து மன்னிப்புக் கேட்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அதை ஆண்கள் செய்வார்கள், நம் சார்பில் பேச ஒருவர் வருவார். அப்பாவை அழைக்க வேண்டுமென்றால் முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. தனியாகப் போனேன். வேர்க் கட்டுக்குக் காசு இல்லை, பொடிப் பொட்டலம்தான் வாங்க முடிந்தது. சந்தைக்காரி, “யாருக்கு?” என்றாள். “எனக்குத்தான்” என்றேன். “இந்த வயசுலயேவா! பொழச்சுக்குவே” என்று பக்கத்துக் கடைக்காரிக்கும் சொல்லிச் சிரித்தாள்.

மாமா வீட்டில் நான் எப்போதும் நேராக, மரியாதைக்குரியவர்கள் உட்காரும் மேல்பக்கம் போய் உட்காருகிறவள். இன்று வாசலை ஒட்டிக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தேன். மக்கரேத்தா அத்தை அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

“அங்க ஏன் விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கே? உள்ள வா.”

நான் வரவில்லை. பொட்டலத்தை முன்னால் வைத்தேன். பாடம் செய்துகொண்டு போன வாசகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “மாமா, நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க.” அவ்வளவுதான் வந்தது.

மாமா வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைத்தார். பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்தால்தான் மன்னித்ததாகும், எடுக்காமல் விட்டுவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. அவர் எடுக்காமல் விட்டால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? பிறகு வழக்கப்படி கைகளைக் குவித்து மூன்று முறை மெதுவாகத் தட்டினார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

“எடுத்துக்கிட்டேன். இனி அந்தப் பேச்சே இல்ல.”

“என்ன பொய்னு கேக்கலியே மாமா.”

“எடுத்தப்புறம் கேக்கக் கூடாது.”

“நான் சொல்லணும் மாமா—”

“முடிஞ்சுது, திதிலியா.”

அவருடைய வலது உள்ளங்கையில் தோல் உரிந்து துணி சுற்றியிருந்தது. அந்தக் கையால்தான் தட்டினார்.

அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். “உங்க ரெண்டு பேருக்கும் முடிஞ்சுது. எனக்கும் இவளுக்கும் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வாடி பின்னால.”

கொல்லையில் வைத்து எல்லாம் சொன்னேன். நான்காக மடித்த காகிதத்தைக் கொடுத்தேன். அத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

“எந்தச் சாதாரண... ம். அந்தப் பொண்ணு சிரிச்சாங்கறதுக்காகவா?”

“ஆமா அத்தை.”

“அவ சிரிப்புக்கு நாப்பது குதிரைச் சக்தி இன்ஜின். நல்ல வெலதான் போயிருக்கு.” பிறகு, “பெட்டிய ஒடைச்சியா?” என்றாள்.

“இல்ல. தொடவே இல்ல.”

அத்தை காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய், மாமாவுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “திதிலியா, உங்கிட்ட இருக்கற அந்தப் பெட்டி எனக்கு வேணும். கேக்கறேன்.”

“மக்கரேத்தா!” என்றார் மாமா. “வாசுவுக்குக் குடுத்தத நான் எப்படி—”

“உங்கள யாரு கேட்டா? நீங்க குடுத்தீங்க, அது அவ பொருள். என் சொந்தக்காரிகிட்ட நான் கேக்கறேன். இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?”

சொந்தத்தில் ஒருவர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. யாருமே சொல்லக் கூடாது. மாமா வலை ஊசியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

“எடுத்துக்குங்க அத்தை” என்றேன்.

“நாளன்னிக்கி ரெண்டு பேரும் சுவா போறோம். நாலு மணிக்கே எழுந்திரு. தூங்குமூஞ்சியோட வந்தே, விட்டுட்டுப் போயிடுவேன்.”

2 டிசம்பர், ஞாயிறு

அப்பாவிடமும் அம்மாவிடமும் நானே சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இருட்டும் வரை வரவில்லை.

3 டிசம்பர், திங்கள்

கடையில் மாமா சொன்ன அந்த வாயாடிப் பையன் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “மூணு வாரம் ஆச்சே, ஏன் பிடிக்கல?”

“புடிச்சதாலதான் கொண்டு வந்தோம்” என்றாள் அத்தை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளியைக் கேட்டு, கொஞ்சம் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். அத்தை பணத்தை எண்ணாமல் என்னைப் பார்த்தாள். “இப்ப நீ சொல்லு. உனக்கு லேப்டாப் வேணுமா, வேண்டாமா? வேணும்னா எது?”

முதல் முறையாக அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னேன். முதல் வருடம் வேண்டாம். கணினி அறை இருக்கிறது. பிறகு தேவையென்றால் குமாஸ்தாவிடம் இருப்பது மாதிரி ஒன்று.

“கறுப்பா?”

“கறுப்பா, தடியா.”

அத்தை சிரிக்கவில்லை. ஆனால் கப்பலில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

20 டிசம்பர், வியாழன்

மாமாவின் இன்ஜினை வாங்கியவர் திருப்பித் தர மறுத்துவிட்டார். கையில் இருந்த பணத்துக்குப் பதினைந்து குதிரைச் சக்தியில் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, அதுவும் பழையது. பவளப்பாறைக்கு இந்தப் பக்கம், கரையோரமாக ஓடும். அதைத் தாண்டி ஆழத்துக்குப் போகாது. பெரிய மீன் ஆழத்தில்தான்.

11 ஜனவரி, வெள்ளி

மதிப்பெண் வந்தது. இடம் உறுதி. அப்பா என் தலையில் கை வைத்தார். நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு இன்றுதான்.

20 பிப்ரவரி, புதன். சுவா.

கணினி அறையில் எனக்கு இடம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறேன். அன்ஷிகா வேறு படிப்பு, எப்போதாவது பார்க்கிறோம். “உன்னோடது எங்கடி?” என்றாள். “வாங்கல” என்றேன். “ஓ” என்றாள். அவ்வளவுதான். இந்த ஒரு ‘ஓ’வுக்குத்தான் நான் அவ்வளவு பயந்தேன்.

2 மார்ச், சனி

மாமா விடுதிக்கு வந்தார். சந்தையில் நண்டு விற்க வந்தவர், நல்ல சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி, மழை எப்படி. பேச்சு தீர்ந்துவிட்டது.

“உனக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம் மாமா.”

“சும்மா கேளு.”

“நெஜமா ஒண்ணும் வேண்டாம். எல்லாம் இருக்கு.”

சரி என்று தலையாட்டினார். எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டார், பிறகு கழற்றினார், போகவில்லை. நான் நல்லபடியாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. டிசம்பரிலிருந்து நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவர் வீட்டில் ஒரு எலுமிச்சங்காயைக்கூடத் தொட்டதில்லை. நான் வெட்கத்தில் செய்தது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உறவை அறுத்துக்கொண்டவள் மாதிரி.

“மாமா.”

“ம்?”

“பசிக்குது. எனக்கு ரொட்டி வேணும். உருளைக்கிழங்கு வெச்சது.”

“எந்தக் கடையில?”

“கீழ, பஸ் நிக்கற எடத்துல. காரம் கூடுதலாப் போடச் சொல்லுங்க.”

மாமா படியில் இரண்டிரண்டாக இறங்கினார். சாலையைக் கடக்கும்போது ஒரு டாக்ஸிக்காரன் அவரைத் திட்டினான், அவர் அவனுக்குக் கை காட்டிவிட்டு ஓடினார்.

நான்கு வாங்கி வந்தார்.