மேய்க்கால் தண்ணீர்

பிள்ளைப்பாக்கம்,
14.10.2024

அன்புள்ள சசி அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமா? வயிற்றுக்குள் இருக்கும் குட்டி உதைக்கிறதா? எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. நீ கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பெயரைச் சொன்னாலே சோற்றுத் தட்டை நகர்த்திவிடுகிறார். மாமாவின் ஊர் நாங்குநேரி என்பது மட்டும் தெரியும்; போட்டோவைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

அக்கா, நம் வீட்டுக்கு மேலே மாடுகள் மேயும் மேய்க்காலை, லாரி நிறுத்துவதற்காகப் புல்லோடு வழித்துவிட்டார்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல், செம்மண்ணை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் வருகிறது. ஏரிக்கால்வாய் தூர்ந்துவிட்டது. கிணறு டீ நிறத்தில் கிடக்கிறது. தூறல் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா இன்று துணிந்து சொன்னாள். "இன்னாத்துல கொயந்தைய குளிப்பாட்டுவ? இந்த சேத்துலயா?" என்றார் அப்பா. நீ வர வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. தண்ணீரைத்தான் சொன்னார்.

பதிலை உன் தெருவிலிருந்து பள்ளிக்கு வரும் என் வகுப்பு சுகப்பிரியாவிடம் கொடுத்தனுப்பு.

உன் ரஞ்சனி

ஸ்ரீபெரும்புதூர்,
16.10.2024

என் ரஞ்சுக்குட்டிக்கு,

பயப்படாதே. குட்டி உன்னைப் போலவே தூங்கவிடாமல் உதைக்கிறது. அம்மா ஒரு வரியாவது உன்னிடம் சொல்லி எழுத வைக்கக் கூடாதா?

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிடவில்லை. மேய்க்காலை வழித்த ஜேசிபியை ஓட்டியது அவர்தான். "சூப்பர்வைசர் காலி எடம்னுதான் காட்டுனாரு. மேய்க்கால்னு யாரோ சொன்னாங்க, ஏதோ வாய்க்கால் பேருன்னு நெனச்சு தேடிப் பாத்தேன், வாய்க்காலே இல்ல. எங்கூர்ல மாடு மேயுத எடத்தைப் பரம்புன்னுல்லா சொல்லுவோம்" என்கிறார்.

ஞாயிறு அவருக்கு லீவு. அதற்கு மேல் கேட்காதே.

அக்கா சசிரேகா

பிள்ளைப்பாக்கம்,
27.10.2024

அன்பு அக்கா,

போன ஞாயிறு ஜேசிபியோடு மாமா வந்தார். அப்பா மண்வெட்டியோடு மறித்தார். "மிச்சம் மீதிய வழிக்க வந்தியா?"

"இல்லய்யா. ஒங்க நெலத்துக்கு மேட்டுப் பக்கமா குறுக்கால ஒரு ஓடை வெட்டி, கரை போட்டுட்டுப் போறேன்."

யாரென்று தெரியாமல் அப்பா விட்டார். "கோணலா வெட்டிகினு போறியே, கண்ணு தெரியுதா?" என்று திட்டிக்கொண்டே, அறுகம்புல்லைப் பெயர்த்து வந்து கரையில் பதித்தார். மோர் கொடுக்கும்போது ஊரைக் கேட்டார். மாமா, "நாங்குநேரி பக்கம்" என்றார். அப்பா அவர் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

வாரம் முழுக்க மழை. சேறு ஓடையிலேயே தங்கிவிட்டது. இன்று அப்பா ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து என் முன்னால் வைத்தார். "உன் லெட்டர் போற வழியிலயே இதுவும் போவட்டும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா.

"ராவெல்லாம் அசையாம வச்சிப் பாக்கச் சொல்லு. அடியில சேறு தங்கலன்னா அவள நானே போயி இட்டாரேன். அந்தக் கோணல்காரனையும் சாப்ட வரச் சொல்லு."

உன் ரஞ்சனி

ஸ்ரீபெரும்புதூர்,
29.10.2024

ரஞ்சுக்கு,

கேனை ஜன்னலோரம் வைத்தேன். காலையில் அடியில் நகக்கண் அளவு செம்மண். மாமா அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மேட்டில் புல் திரும்ப முளைக்க எத்தனை மழை ஆகும் என்று கேட்கிறார்.

நான் பையைக் கட்டிவிட்டேன். தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளலாம். அடியில் ஒன்றுமே தங்கவில்லை என்று அப்பாவிடம் சொல்.

சசி