மேனேஜர் வீடு மாறினார்

மார்ச் 4, புதன்

வீடு மாறியாயிற்று. சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மேனேஜர் மட்டும் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கூடையைத் திறந்து வைத்தும் வெளியே வராமல், சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடக்கிறார்.

பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர். பூனையார் எல்லா அறைக்கும் போய் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று மேற்பார்வை பார்ப்பார். தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். வேறு என்ன பெயர் வைப்பது?

பூனை டாக்டரம்மா சொன்னபடி சின்ன அறையை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, துவைக்காத என் பழைய போர்வை. "ஒரு ரூம் தன்னோடதுன்னு நம்பினாத்தான் அடுத்த ரூமுக்கு வரும். அவசரப்படாதீங்க" என்றார். நான் அவசரப்பட மாட்டேன். இவரை, என் வீட்டுக்காரரை, நினைத்தால்தான் பயம்.

மார்ச் 5

சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 6, வெள்ளி

இந்தக் கட்டடமே எனக்குப் பிடிக்கவில்லை. மாடி வீட்டு அம்மா போனில் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். நான் வைத்திருக்கும் பெயர் ஒலிபெருக்கி. கீழ் வீட்டு பஸ் டிரைவர் பைக்கை உதைத்தாரென்றால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒவ்வொரு தடவையும் மேனேஜரின் காது தலையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பேரிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் மேனேஜரின் அறையில் தரையில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வாங்க வந்தவர் நெற்றியில் ஒரு கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டே, தொலைந்துபோனதற்குப் பதில் புதிது வேண்டும் என்று சண்டை போட்ட கதை. பாதியில் கால் கட்டைவிரலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு! மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பிட்டார்! கிண்ணத்தை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பிறகு அலமாரி மூலையில் கன்னத்தை ஒரு தேய், கதவு நிலையில் ஒரு தேய். எட்டிப் பார்த்த இவர், "அப்பாடா, வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

கடையிலிருந்து வந்தால் சின்ன அறைக் கதவு திறந்து கிடக்கிறது. வாசல் கதவும். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேருக்கு ஆள் வந்து போயிருக்கிறான். நடு ஹாலில் இவர், முகம் வெளிறிப்போய்.

"பாவமா கத்திச்சு... கொஞ்ச நேரம் ஹால்ல நடக்கட்டுமேன்னு திறந்தேன். அவன் வாசலைத் திறந்து போட்டதைப் பார்க்கல."

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். சொன்னது சொன்னதுதான். படிக்கட்டெல்லாம் "மேனேஜர், மேனேஜர்"னு கத்திக்கிட்டு ஓடினேன். எங்க போவான் அவன்? இந்தத் தெருவே அவனுக்குத் தெரியாதே. ஒரு கார் வந்தா?

மாடிக் கதவு திறந்தது. ஒலிபெருக்கி இறங்கி வந்து என் தோளைப் பிடித்து — ரகசியம் பேசுகிற குரலில்! — "முதல்ல கத்துறதை நிறுத்தும்மா. பயந்தா பூனை ஓடாது, பக்கத்துலயே எங்கயாவது பதுங்கும். நாம சத்தம் போடப் போட வெளிய வராது" என்றார். அந்தத் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அதற்குள் டிரைவர் டார்ச்சோடு வந்துவிட்டார். மாடிப்படிக்கு அடியில் யாரோ போட்டு வைத்த பழைய சைக்கிள்கள், பெயின்ட் டப்பாக்கள். மண்டியிட்டு, வயிறு தரையில் படக் குனிந்து பார்த்தவர், கையை மட்டும் தூக்கி என்னைக் கூப்பிட்டார். தூசிக்குள் இரண்டு பச்சைக் கண்கள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையை நீட்டப் போனேன். "வேணாம்மா. புடிக்கப் போனா இன்னும் உள்ள போயிடும். வர்ற வழியை மட்டும் விட்டு உட்காருங்க" என்றார் அவர்.

உட்கார்ந்தோம். போர்வையைக் கொண்டுவந்து விரித்தேன். இவர் வெளி கேட்டைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மாடி வீட்டு அம்மா மேல்படியில், நான் கீழ்ப்படியில். தன் மகள் சின்ன வயதில் பூனையை ஸ்கூல் பையில் வைத்துக் கொண்டுபோன கதையை முணுமுணுவென்று சொன்னார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன் — அந்த நேரத்திலும்! டிரைவருக்கு வேலைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. பைக்கை உதைக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, தெருமுனை தாண்டிப் போய்த்தான் கிளப்பினார்.

வெளிச்சம் மங்கும்போது ஒரு மீசை தெரிந்தது. பிறகு தலை. ஒட்டடையும் தூசியுமாக வந்து, போர்வையை மோந்து, ஏறி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து ஒரு சின்ன "மியாவ்". எங்கே போய்த் தொலைந்தாய் என்று என்னைக் கேட்பதுபோல. போர்வையோடு சேர்த்து வாரி எடுத்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் மூச்சே வந்தது.

மார்ச் 11

மறுபடி முதலிலிருந்து. சின்ன அறை, மூடிய கதவு. இவர் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டு பாயோடு அந்த அறைக்குப் போய்விட்டார். காலையில் போய்ப் பார்த்தால் அவர் நெஞ்சின் மேல் மேனேஜர். "அசைய முடியல, கை மரத்துப்போச்சு" என்கிறார், முகமெல்லாம் பல்லாக. நான் கோபத்தை எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வாசலைப் பூட்டிவிட்டு, நானே அறைக் கதவைத் திறந்தேன். வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். சோபா, மேஜை, இவருடைய செருப்பு — எல்லாவற்றையும் மோந்து முடித்து, சமையலறையில் நான் காய் நறுக்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மேற்பார்வை ஆரம்பம்!

மார்ச் 21

டிரைவர் அண்ணனும் இவரும் சேர்ந்து பால்கனிக்கு வலை கட்டினார்கள். மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்த பிறகுதான் மேனேஜரை விட்டேன். மாடி வீட்டு அக்கா (இனிமேல் அந்தப் பட்டப்பெயர் கிடையாது) ஒரு டப்பா மீனோடு வந்தார். எங்கள் வீட்டில் இன்னமும் ரகசியக் குரல்தான். "சாதாரணமாப் பேசுங்கக்கா, பழகிட்டாரு" என்றேன். பேசினார். மேனேஜர் ஒரு காதை மட்டும் திருப்பினார்.

மார்ச் 28

கழுத்துப் பட்டையில் என் போன் நம்பர். ஆபீசர் அடையாள அட்டை மாட்டியதுபோல் நடக்கிறார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெளியே போயிருந்த இவர் துள்ளிக்கொண்டு வந்தார். "நல்ல சேதி! ஆபீஸ்ல ஒருத்தரோட வீடு காலியாகுது. தனி வீடு, பின்னாடி தோட்டம். வாடகையும் இதேதான். நீ ஆசைப்பட்ட மாதிரி, சத்தமே கிடையாது. இன்னைக்கே பதில் சொல்லணும்."

ஹாலில் அக்காவும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏதோ சொல்லிச் சிரித்த சிரிப்பு இந்நேரம் தெருமுனையைத் தொட்டிருக்கும். அவர்கள் காலடியில், நடுவழியில், மேனேஜர் மல்லாந்து கிடந்தார். நாலு காலும் நாலு திசையில், வெள்ளை வயிறு மேலே. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடுங்க" என்றேன்.

"ஏன்?"

மேனேஜரை மிதிக்காமல் தாண்டிப் போய், இவருக்கும் சேர்த்து அடுப்பில் பாலை வைத்தேன்.