அண்ணா, ஓடுவதற்கு ஒரு கடிகாரம் வாங்கினேன்

எந்தப் பந்தியிலும் கடைசியாகவே உட்கார்ந்த என் அண்ணனுக்கு,

நான் இப்போது ஓடுகிறேன். நம்புகிறாயா? பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே இருந்துகொள்வேனே, அதே நான்தான்.

நீ போன பிறகு காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. நீ மோட்டார் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் உன் பைக் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தைத் தாண்டுவதற்காக வாலாங்குளக் கரைக்கு நடக்கப் போனேன். ஒருநாள் நடை ஓட்டமாகிவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணன்காரன் நெஞ்சு நின்னு போயிட்டான், இவ நெஞ்சு படபடன்னு அடிக்க ஓடறாளாமா" என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, தாராளமாக ஓடலாம் என்றார். அம்மா அதையும் நம்பவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் கையில் இருந்தால்தான் வாசலைத் தாண்டலாம். நான் எங்கே ஓடுகிறேன் என்பதும் அவள் போனில் தெரிய வேண்டும்.

அலுவலகத்தில் தினமும் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கடிகாரங்களைப் பற்றியே படித்தேன். எதில் ஜி.பி.எஸ். சீக்கிரம் பிடிக்கிறது, எதில் சார்ஜ் நிற்கிறது, எது ஓடும்போதும் துடிப்பைச் சரியாக எண்ணுகிறது. துடிப்பு ஓர் அளவைத் தாண்டினால் கையில் அதிர்ந்து எச்சரிக்கும் கடிகாரம் ஒன்றைப் பற்றிப் படித்ததும், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். இத்தனை நாளும் நான் எனக்காகத் தேடவில்லை அண்ணா. அன்றைக்கு உன் கையில் எது இருந்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கிராஸ்கட் ரோட்டுக் கடைக்கு அம்மாவும் வந்தாள். அங்கே என் வாயிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. என் கூச்சம் உனக்குத்தான் தெரியுமே. எல்லாவற்றையும் அம்மாதான் கேட்டாள்.

விற்கிறவர் முதலில் பளபளப்பான ஒன்றை எடுத்தார். "தினம் சார்ஜ் போடோணுங்க" என்றார். அடுத்தது மங்கலான முகம், பக்கத்தில் பொத்தான்கள். "ஓடறதுக்குன்னா இதுங்க. வெயில்லயும் எழுத்துத் தெரியும், சார்ஜும் பல நாள் வரும்."

அம்மா அதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். அடியில் பச்சை விளக்கு மின்னியது. எண் வரவேயில்லை. மணிக்கட்டின் மேல் அவள் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் இது படிக்காதாம்.

"என்ற நெஞ்சு அடிக்குதா இல்லையான்னே இதுக்குத் தெரியல. இது உன்ற நெஞ்சப் பாத்துக்குமாக்கும்!"

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். நீ போன பிறகு அன்றுதான் முதல் தடவை. சிரிப்பு முடிவதற்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏனுங்க தம்பி, நெஞ்சு நிக்கப்போகுதுன்னா இது முன்னாடியே சொல்லிப்போடுமுங்களா?"

அவர் நல்ல மனிதர். அம்மாவின் கையிலிருந்து கடிகாரத்தை மெதுவாகக் கழற்றினார். பிறகு, "இல்லீங்கம்மா. துடிப்ப எண்ணும், அவ்வளவுதானுங்க. உள்ள அடைப்பு இருந்தா இதுக்குத் தெரியாதுங்க" என்றார்.

இருந்தும் வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது எனக்கு அன்னூர்க் கல்யாணம்தான் கண்ணுக்குள் ஓடியது. சித்தப்பா மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் நீ ரச வாளியோடு நின்றாய். சட்டை முழுக்க வேர்வை. நெஞ்சில் கை வைத்தாய். என்னவென்று கேட்டேன். "வாய்வு அம்மணி. சம்பந்தகாரங்க பாதிச் சாப்பாட்டுல இருக்காங்க, வாளிய வெச்சுட்டுப் போனா என்ன நினைப்பாங்க?" என்றாய். ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் குனிந்து கேட்டு முடித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நாற்காலியில் சாய்ந்தாய்; அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

உனக்கு வலி தெரிந்திருந்தது. எந்தக் கடிகாரம் வந்து உனக்கு அதைச் சொல்ல வேண்டும்? கையில் அது அதிர்ந்திருந்தாலும் சட்டைக் கையை இழுத்து மூடியிருப்பாய். நம் ஊர் மரியாதை உன்னை அப்படி வளர்த்திருந்தது. என்னையும்தான்.

போன வாரம் குளக்கரையில் ஓடும்போது கடிகாரம் அதிர்ந்தது. பார்த்தால் பயமுறுத்தும் எண். நின்றேன். நெஞ்சு நிஜமாகவே இறுகியதா, பயத்தில் இறுகியதா, தெரியவில்லை. குளத்தைப் பார்த்துத் திரும்பிக் கல்மேடையில் உட்கார்ந்துகொள்ளலாம், யாராவது கேட்டால் சிரித்துவிடலாம் என்று நினைத்தேன். சேலையும் ஷூவுமாக ஓர் அம்மா நடந்து வந்தார். அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அப்போதுதான் என் குரல் வந்தது.

"ஏனுங்க... எனக்கு ஒருமாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் கூட இருக்கீங்களா?"

"அட கண்ணு, மொதல்ல உக்காரு" என்று திரும்பி ஓடிவந்தார். என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். என் போனிலிருந்து நம் அம்மாவுக்குப் போன் செய்தார். பிறகு கடிகாரத்தை ஆட்டிக் காட்டினார். "இதென்ன, வளையலாட்டம் ஆடுது?"

பட்டை தளர்ந்திருந்தால் அது காலடியைத் துடிப்பு என்று எண்ணிவிடுமாம். அதையும் படித்திருந்தேன், மறந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஊரைக் கூட்டினேன் என்று திட்டுவாள் என்றிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவனும் இப்படி ஒரு வார்த்தை..." என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் ஓடு கண்ணு. ஒருமாதிரி இருந்தா இப்படியே சொல்லிப்போடு" என்றாள்.

நீ ஏன் சொல்லவில்லை அண்ணா? ரசம் காத்திருக்காதா? நாங்கள் என்ன நினைப்போம் என்று உனக்குத் தோன்றவேயில்லையா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எனக்கு எங்கே வலித்தாலும், எதிரில் யார் இருந்தாலும், அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லுவேன். கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அம்மணி