தரங்கம்பாடியில் எனக்கு வந்த மறதி

உத்தனப்பள்ளி

அன்பு மகன் ராஜசேகருக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், உங்கப்பா நலம், என் புத்தியும் நலம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் கவிப்ரியாவும் நலமா என்று கேட்க வேண்டும், கேட்டாகிவிட்டது. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் படி.

உங்கள் கல்யாண நாளுக்குத் தரங்கம்பாடியில் ரூம் போட்டிருக்கிறேன், காரும் வரும், கடலைப் பார்த்துவிட்டு வாங்க என்று நீ சொன்னபோது தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். இந்த வயது வரைக்கும் நான் கடலில் கால் வைத்ததில்லை, அது உனக்கே தெரியும். போய் இறங்கினதும் ஓட்டல் மேனேஜர் என் கையைப் பிடித்து, அம்மா பேரு என்னாம்மா, இது எந்த ஊரு தெரியுதா என்று குழந்தையிடம் கேட்கிற மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டார். மரியாதை போலிருக்கிறது என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஜெயமணி என்று ஒரு பெண்ணை எங்கள் கூடவே விட்டார்கள். டேனிஷ்காரன் கட்டின கோட்டைக்குப் போனாலும் அவள், மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனாலும் அவள், பழைய சர்ச் வாசலிலும் அவள். கோட்டைக்கு எதிரே நாலு எட்டு வைத்தால் தண்ணீர். இறங்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். எனக்குக் கோபம் வந்து, நம் வீட்டில் பேசுகிற மாதிரி உங்கப்பாவிடம் பாதி தெலுங்கும் பாதி கன்னடமுமாகக் கத்தினேன். அவளோ, பாவம், வார்த்தையெல்லாம் கொழம்பிப் போச்சு என்று கண் கலங்கி என் தலையைத் தடவுகிறாள்!

அப்புறம்தான் அவளை விடாமல் கேட்டேன். ஒங்களுக்கு ஞாபக மறதியாம், எங்கயாவது நடந்து போயிடுவீங்களாம், கடல் பக்கமே விடக் கூடாதுன்னு ஒங்க மகன் போன்ல சொன்னாரும்மா என்றாள். அடப்பாவி! பெற்றவளுக்கா இல்லாத நோயைக் கட்டிவிடுவாய்? எனக்கு ஒன்றுமில்லை என்று மேனேஜரிடம் சத்தம் போட்டேன். இந்த நோய் வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்று அவர் உங்கப்பா காதில் மெதுவாகச் சொல்கிறார். உங்கப்பாவுக்குச் சிரிப்பு வேறு. பையன் அக்கறையிலதான் சொல்லியிருப்பான், உடு என்கிறார். அவரோடும் எனக்குப் பேச்சில்லை. திருக்கடையூரில் சாமி முன்னால் நின்றபோதும் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பூம்புகாரிலாவது கால் நனைக்கலாம் என்று பார்த்தால் டிரைவருக்கும் நீ சொல்லி வைத்திருக்கிறாய். கடலைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

போன வருஷம் நம் ரோஜாச் செடி வளர்க்கிற கொட்டகையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தேன், அதிலிருந்து உனக்குப் பயம். எனக்குப் புரியாமல் இல்லை. பயமா இருக்குதும்மா, கடல்ல எறங்காத என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருப்பேனேடா. என்னிடம் கேட்காமல், முன்பின் தெரியாதவர்களிடம் உன் அம்மாவைப் புத்தி கெட்டவள் ஆக்கிவிட்டாயே, அதுதான் ஆறவில்லை.

நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், கவிப்ரியாவை நன்றாக வைத்துக்கொள், இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். மறக்காமல் அந்த மேனேஜருக்குப் போன் போட்டு, நான் சொன்னது பொய், என் அம்மா தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று சொல். அந்த ஜெயமணியிடமும் சொல்லச் சொல். அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே. பண்ணினால், யாருப்பா நீ, எந்த ஊரு என்றுதான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வெங்கடம்மா