மாடி அறைக்காரரின் அண்ணன்

என்னவருக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பயப்படாதீர்கள்.

நீங்கள் ஈராக்கில், எர்பிலில் சமைத்துப்போடுகிறீர்களே, அதே குர்து இனத்தைச் சேர்ந்த ஒருவர், பரான், ஆசிரமம் பார்க்க வந்து செங்கம் ரோட்டில் நம் விடுதி மாடியில் தங்கியிருக்கிறார். நேற்றுக் காலை சாப்பிடும்போது, அங்காராவிலிருந்து வந்து தங்கியிருந்த துருக்கிக்காரர் ஒருவர், "குர்துகளுக்குத் தனி நாடு எதுக்கு?" என்று சிரித்தார். பரான் அவர் தலையைப் பிடித்து மேசையில் மோதினார். பல் உடைந்து இட்லியெல்லாம் ரத்தம். அடிபட்டவர் பழம் நறுக்கும் கத்தியை எடுத்துப் பாய்ந்தார். நான் குறுக்கே போய்விட்டேன்; வலது கையில் வெட்டு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பரான் தேம்பினார். "சண்டையில செத்த அண்ணனைப் புதைச்சது துருக்கி எல்லைக்கு அந்தப் பக்கம். எங்கம்மா ஒருதரம்கூட பார்க்கல. ரெண்டு பக்கமும் எங்க நாடா இருந்தா நடந்தே போயிருப்பாங்க."

எதிர் பெஞ்சில் வாயில் பஞ்சோடு இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "பட்டாளத்துல இருந்த என் தம்பியும் அந்த எல்லையிலதான் செத்தான்."



போலீஸ்காரர் கேட்டபோது, "ஒண்ணுமில்ல சார், பழம் நறுக்கும்போது பட்டுடுச்சு" என்றேன். அந்த இரண்டு பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.

எர்பிலில் மறுபடி குண்டு விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். நீங்களும் போனில் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்கிறீர்கள்.

வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி